கோவலனை வெட்டியவன் யார்? யாருமே கேட்கவில்லை!

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசப்போகிறேன், ஹெட்போன் போட்டிருப்பவர்கள் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பட்டிமன்றத்துக்குப் போயிருந்தேன். எங்கே, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம், வம்பு. தலைப்பு இதுதான்: சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலைக்குக் காரணம் பாண்டியனா, பொற்கொல்லனா, கோவலனேவா? மூன்று அணி. வழியில் வந்த மாதவியையும் விடவில்லை, ஆளாளுக்குத் திட்டினார்கள். கடைசியில் நடுவர் எழுந்து "எல்லாம் ஊழ்வினை" என்று சொல்லிவிட்டு, சால்வையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஊழ்வினை என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு ஆகாது. மணிமேகலை வீடியோவில் நான் கத்தியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அது போகட்டும். வாளை வீசியவன் ஒருவன் இருக்கிறானே, அவனைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை!

இருங்கள், அதற்குள் போவதற்கு முன் இதைக் காட்ட வேண்டும். அடியார்க்குநல்லார் என்ற பழைய உரைகாரரின் உரையோடு சிலப்பதிகாரம். முழு விலைக்குப் புத்தகம் வாங்குகிற ஆள் நான் இல்லை என்று தெரியும்தானே? பழைய புத்தகக் கடை. கடைக்காரர் 450 ரூபாய் என்றார். பின்னட்டையே இல்லையே என்றேன். பின்னட்டையையா படிக்கப்போகிறீர்கள் என்றார். நியாயமான கேள்வி, ஆனால் நான் அசரவில்லை. புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த சமையல் குறிப்புப் புத்தகத்தை ரொம்ப அக்கறையாகப் புரட்டினேன். 350 ஆனது. அப்புறம் 300. கடைசியில் 220! அதோடு ஒரு துணிப்பையும் கொடுத்தார். இதோ, இந்தப் பைதான், கைப்பிடிகூட நன்றாக இருக்கிறது. பேருந்தில் வரும்போது எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கிறதே... சரி, சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் புத்தகத்தை முன்னால் வைத்திருந்தவர் யாரோ பரீட்சைக்குப் படித்திருக்கிறார். 'தேரா மன்னா' வரிக்கு அடியில் பென்சிலால் மூன்று கோடு. மதுரை எரிகிற இடத்தில் நட்சத்திரக் குறி. ஆனால் கொலைக்களக் காதையின் கடைசிப் பக்கம் மட்டும் சுத்தமாக இருக்கிறது. முப்பது காதைகளில் பதினாறாவது அது. ஆள் செத்தது அந்தப் பக்கத்தில்தான் ஐயா!

அங்கே என்ன நடக்கிறது? கண்ணகியின் சிலம்பை விற்க மதுரைக்கு வந்த கோவலனை, ராணியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் கள்வன் என்று அரசனிடம் காட்டிக்கொடுத்துவிட்டான். அரசன் ஊர்காப்பாளரை, அதாவது ஊர்க் காவலர்களைக் கூப்பிட்டு, தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவாருங்கள் என்கிறான். அந்த நேரத்தில் அவன் நீதிமன்றத்தில் இல்லை. ஊடல் கொண்ட தேவியைச் சமாதானப்படுத்த அந்தப்புரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான். அவசரம். இளங்கோவடிகள் 'தேரானாகி' என்று போட்டுவிட்டார், விசாரிக்கவில்லை. பாண்டியனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவன் வாயிலிருந்து வந்த ஆணையிலும் ஓர் 'இருந்தால்' இருக்கிறது. இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் யார்? அனுப்பப்பட்ட ஆட்கள்.

அவர்கள் பார்த்தார்கள். அதுதான் என் வயிற்றெரிச்சல். கோவலனைப் பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

'இலக்கண முறைமையின் இருந்தோன் ஈங்கிவன்
கொலைப்படு மகனலன்'

இவன் கொல்லப்பட வேண்டிய ஆள் இல்லை என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள். பொற்கொல்லன் சிரிக்கிறான். சிரித்துவிட்டு ஒரு வகுப்பே எடுக்கிறான். கள்வர்களுக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டுத் துணை உண்டாம். இவனுடைய மருந்தில் நீங்கள் மயங்கினால் மன்னனிடம் மாட்டிக்கொள்வீர்கள் என்று நைசாக ஒரு மிரட்டலும் வைக்கிறான். அப்புறம் தூதன் வேடத்தில் வாயிலில் இருந்து, இருட்டில் பெண் வேடத்தில் அரண்மனைக்குள் புகுந்து ஆரம் திருடிய ஒருவனின் கதை. அது முடிந்ததும் காவலர்களில் ஓர் இளைஞன், மழைநாளில் நள்ளிரவில் உளியோடு வந்த திருடன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்துவிட்டான் என்று தன் கதையை எடுத்துவிடுகிறான். எதிரில் ஒரு மனிதனின் உயிர் தொங்குகிறது, இவர்கள் கதை பேசுகிறார்கள். அரசன் நம்மைத் தண்டிப்பான், என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று அந்த இளைஞன் மற்றவர்களைக் கேட்கும்போதே,

'கல்லாக் களிமகன் ஒருவன் கையில்
வெள்வாள் எறிந்தனன்'

முடிந்தது. படிப்பறிவில்லாத ஒரு குடிகாரன். பெயர் கிடையாது.

ஆனால் எனக்கு அவன்மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. பொற்கொல்லன் திருடன், தன் திருட்டை மறைக்கப் பொய் சொன்னான். அவனிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? களிமகன் போதையில் இருக்கிறான். 'கொலைப்படு மகனலன்' என்று சொன்னவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். கையில் ஆயுதம், பக்கத்தில் ஆள்பலம். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: "ஐயா, இதன் ஜோடிச் சிலம்பு எங்கே?" கோவலன் ஆயர்பாடியைக் காட்டியிருப்பான். அங்கே அவர்களுக்கு இடம் கொடுத்த மாதரி வீட்டில் கண்ணகி மற்றொன்றோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நடை தூரம்! அந்த இடத்தில் கோவலனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. அவனைப் பற்றித்தான் அத்தனை பேச்சும்.

ஆ, கோவலன் பங்கை விட்டுவிட்டேன். இவன் பொற்கொல்லனிடம் போய், அரசன் தேவி அணியத் தகுந்த காற்சிலம்புக்கு உன்னால் விலை போட முடியுமா என்று கேட்கிறான். ராணியின் சிலம்பைத் திருடி வைத்திருப்பவனிடம் ராணியின் பேச்சு! வரும் வழியில் எதிரே ஓர் இமிலேறு, திமில் உள்ள காளை, பாய வருகிறது, அது கெட்ட சகுனம் என்பதும் தெரியவில்லை. வெகுளி என்று திட்டலாம். வெகுளியாக இருந்ததற்குக் கழுத்தை வெட்டுவார்களா?

இப்போது ஊழ்வினைக்காரர்களுக்கு வருகிறேன். மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி கண்ணகியிடம் முற்பிறப்புக் கதை சொல்கிறது. கலிங்க நாட்டில் கோவலன் பரதன் என்ற அரசு ஊழியனாக இருந்தபோது, நகை விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தானாம். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் புலம்பி அலைந்து மலையிலிருந்து விழுந்தாளாம். அந்தக் கணக்குதான் இது என்கிறார்கள். சரி, அங்கேயும் விசாரிக்காமல் ஒரு வணிகனைக் கொன்றதைத்தானே பாவம் என்று எழுதியிருக்கிறது? அப்படியானால் மதுரையில் விசாரிக்காமல் கொன்றதும் பாவம்தானே? ஊழைச் சொன்னதால் ஒருவன் கணக்கும் தீரவில்லையே. நடுவரே, இதற்குப் பதில் சொல்லுங்கள்.

தண்டனை போன விதத்தைப் பாருங்கள். பாண்டியன் 'யானோ அரசன் யானே கள்வன்' என்று விழுந்து உயிரை விட்டான். அந்த ஒன்றுக்காக அவனுக்கு மரியாதை தருவேன். அப்புறம் கொற்கையிலிருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் கண்ணகியைச் சாந்தப்படுத்துகிறேன் என்று பொற்கொல்லர் 1,000 பேரைப் பலி கொடுத்தான். ஒருவன் சொன்ன பொய்க்கு ஆயிரம் பேர்! அதில் ஒருவராவது அந்தச் சிலம்பைக் கண்ணால் பார்த்திருப்பாரா? அடைக்கலம் தந்ததைத் தவிர ஒரு குற்றமும் செய்யாத மாதரி 'அடைக்கலம் இழந்தேன்' என்று தீயில் விழுகிறாள். கோவலனையும் கண்ணகியையும் அவளிடம் ஒப்படைத்த சமணத் துறவி கவுந்தியடிகள் உண்ணாமல் இருந்து உயிர்விடுகிறார். நடந்ததைக் கோவலனின் ஊரான புகாரில் போய்ச் சொன்ன மாடலன் என்ற மறையவன், அதைக் கேட்டுச் செத்தவர்களின் பாவம் தன்னைச் சேரும் என்று கங்கைக்குப் போய் முழுகுகிறான். செய்தி சொன்னவன் ஐயா அவன்!

ஊர்காப்பாளர்? அன்று சாயங்காலம் அவர்கள் சிலம்பைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். தெய்வமும் அவர்களைக் கேட்கவில்லை, சேரன் செங்குட்டுவனும் கேட்கவில்லை.

அடுத்த வீடியோ மாதரிக்கு மட்டும். மாதவியைத் திட்டி கமெண்ட் போட்டால் சொல்லாமல் நீக்கிவிடுவேன். வரட்டுமா.