ஜெனரேட்டர் வண்டி வாலாட்டிய இரவு: இறக்குமதி வண்டியில் கனமான டிரெய்லர் இழுக்கலாமா?

எல்லோருக்கும் வணக்கம். ஒத்தக்கடையிலிருந்து பேசுகிறேன். பின்னால் தெரிவது யானைமலை. வெயில் ஏறுவதற்குள் பேசி முடித்துவிடலாம் என்று காலை ஆறரைக்கே கேமராவை வைத்துவிட்டேன். நடுவில் லாரிச் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், திருச்சி ரோடு பக்கத்திலேயே இருக்கிறது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மைக்செட், லைட்செட், ஜெனரேட்டர் வாடகைத் தொழில். மேலூர், நத்தம், அழகர்கோவில் பக்கம் ஒரு ஊரில் சாமி கும்பிடு என்றால், எங்கள் ஜெனரேட்டர் டிரெய்லர் ஏதாவது ஒரு ஊர் மந்தைத் திடலில் நின்று ஓடிக்கொண்டிருக்கும். அதை இழுப்பது எங்கள் மஞ்சள் போர்டு பிக்கப். இருபது வருடமாக டிரெய்லர் இழுக்கிறோம், எல்லாம் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன மாதம் என் மச்சான் ஒரு வண்டி வாங்கினார். ஜப்பானிலிருந்து முழு வண்டியாக இறக்குமதியான 4x4, டீசல். முதல் ஓனர் கோயம்புத்தூரில் இருந்தவர். அந்த வண்டியைக் காட்டி ஒரு வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்வி: இந்த வண்டியில் கனமான டிரெய்லர் இழுக்கலாமா, போலீஸ் பிடிப்பார்களா, இது எத்தனை டன் இழுக்கும்? பதில் சொல்லவேண்டிய கட்டாயம் எனக்கு இருக்கிறது. ஏனென்றால் ஒரு ராத்திரி நான் இழுத்துப் பார்த்துவிட்டேன்.

அன்றைக்குக் கொட்டாம்பட்டி பக்கம் ஒரு ஊரில் சாமி கும்பிடு. பிக்கப் கிளட்ச் போய் பட்டறையில் நிற்கிறது. ஊர்க்காரர்கள் போன் மேல் போன். மச்சான் வந்து, "இது மூன்று டன் இழுக்கும் மச்சான், மாட்டுங்கள்" என்றார். பழைய ஓனர் பின்னால் ஒரு கொக்கி போட்டு வைத்திருந்தார். மாட்டினோம். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. நல்ல இழுவை, டிரெய்லர் பின்னால் இருப்பதே தெரியாத மாதிரி வண்டி போனது. அதுதான் ஆபத்து என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மறுநாள் அதிகாலை திரும்பி வருகிறோம். மேலூருக்கு முன்னால் ஒரு மேம்பாலத்து இறக்கம். வேகம் 80. வலது பக்கம் ஒரு ஆம்னி பஸ் முந்திப் போனது. அது தள்ளிய காற்றில் டிரெய்லர் ஒரு முறை இடது பக்கம் ஆடியது, அப்புறம் வலது, அப்புறம் இன்னும் பெரிதாக இடது. ஸ்டியரிங் என் கையில் இருக்கிறது, ஆனால் வண்டியின் பின்பக்கத்தை வேறு யாரோ பிடித்து ஆட்டுகிற மாதிரி இருந்தது. கண்ணாடியில் ஜெனரேட்டர் கூண்டு ஒரு பக்கம் தெரிகிறது, மறைகிறது, அடுத்த பக்கம் தெரிகிறது. மச்சான் "பிரேக், பிரேக்" என்று கத்துகிறார். நான் பிரேக்கில் கால் வைக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வேகம் ஐம்பதுக்குக் கீழே வந்த பிறகுதான் ஆட்டம் அடங்கியது.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் வாலாட்டும்போது முன்வண்டியின் பிரேக்கை அழுத்தினால், பின்னால் வரும் எடை தள்ளி வண்டியையே மடக்கிவிடும். எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பி ஆட்டத்தை அடக்கப் பார்த்தால் ஆட்டம் இன்னும் பெரிதாகும். வேகம் தானாகக் குறைய வேண்டும், கை நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். டிரெய்லருக்கென்று தனி பிரேக் கன்ட்ரோல் இருந்தால் அதை மட்டும் மெதுவாகப் பிடிக்கலாம். எங்கள் டிரெய்லரில் அது கிடையாது. நிறுத்தி வைக்கிற ஹேண்ட் பிரேக் ஒன்றுதான்.

விடிந்ததும் வீட்டு வாசலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பழைய ஓனர் போட்ட கொக்கி சேஸிஸில் போல்ட் போட்டு மாட்டியதே இல்லை. பம்பருக்குப் பின்னால் இருக்கும் தகடில் வெல்டு வைத்திருக்கிறார்கள். அந்த வெல்டு ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு கோடு. கோட்டின் இரண்டு பக்கமும் செம்மண் நிறத்தில் துரு கசிந்திருந்தது. துரு இருக்கிறது என்றால் விரிசல் பழையது. நேற்று ராத்திரி விட்டதில்லை. நகத்தை வைத்தேன், நகம் உள்ளே போனது. ஒன்றரை டன்னுக்கு மேலே அதில்தான் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலியும் மாட்டவில்லை. பின்னால் டூவீலரில் வந்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது.

சரி, ஏன் ஆடியது? அன்றைக்கே எடைமேடைக்குப் போனோம். இதை நீங்களும் செய்யலாம், பெரிய செலவு இல்லை. முதலில் டிரெய்லரைக் கழற்றி, முழுதாக மேடையில் வைத்து எடை. 1,640 கிலோ. அப்புறம் வண்டியில் மாட்டி, டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கிற மாதிரி நிறுத்தி எடை. 1,620 கிலோ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கி மேல் உட்காரும் எடை. எங்களுக்கு வெறும் 20 கிலோ! கேபிள் சுருள், டீசல் கேன், போக்கஸ் லைட் ஸ்டாண்டு எல்லாவற்றையும் இறக்குவதற்கு வசதி என்று பையன்கள் பின்கதவு ஓரத்தில் அடுக்கியிருந்தார்கள். பின்பக்கம் கனம் ஏறினால் கொக்கி மேல்நோக்கித் தூக்கும். வண்டியின் பின் டயருக்குப் பிடிப்பு குறையும். டிரெய்லர் தன் அச்சை நடுவாக வைத்து ஊஞ்சல் மாதிரி ஆட ஆரம்பிக்கும்.

ஐரோப்பாவில் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் வரை கொக்கி மேல் வரவேண்டும் என்பது பழக்கம். அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் வரை சொல்வார்கள், அங்கே டிரெய்லர் அமைப்பே வேறு. நாங்கள் ஜெனரேட்டரை அரை அடி முன்னால் தள்ளி போல்ட் போட்டோம். கேபிள் எல்லாம் முன்பக்கப் பெட்டிக்கு வந்தது. மறுபடி எடை போட்டபோது சக்கரத்தில் 1,500, கொக்கியில் 140. ஆனால் ஒன்று கவனியுங்கள்: இந்த 140 கிலோவும் முன்வண்டி சுமக்கிற சுமைதான். ஐந்து பேர் உட்கார்ந்து, டிக்கியில் சாமானும் ஏற்றிய பிறகு இதையும் சேர்த்தால் பின் அச்சு தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

இப்போது அந்த மூன்று டன் கதைக்கு வருகிறேன். மச்சான் பொய் சொல்லவில்லை, இணையத்தில் பார்த்ததைச் சொன்னார். அது வேறு நாட்டு விளம்பரம். ஒரே பெயரில் வருகிற வண்டிக்கு நாட்டுக்கு நாடு இழுவை எண் மாறும். இன்ஜின், கியர், குளிரூட்டும் அமைப்பு, அந்த நாட்டுச் சட்டம் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. அதில் பெரும்பாலும் இரண்டு எண் இருக்கும். டிரெய்லரில் பிரேக் இருந்தால் ஒன்று, பிரேக் இல்லாவிட்டால் இன்னொன்று. பிரேக் இல்லாத டிரெய்லருக்குப் பல வண்டிகளில் 750 கிலோதான் உச்சம். பெரிய எண் எல்லாம் பிரேக் உள்ள டிரெய்லருக்கு. நாங்கள் பிரேக் இல்லாமல் 1,640 கிலோவைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறோம். புத்தகத்தில் இழுவை பற்றி ஒன்றுமே இல்லை என்றால், இழுக்கலாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

டிரெய்லர் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று லேத் பட்டறை அண்ணன் ஒருவர் காட்டினார். "தம்பி, இதுக்குக் கரண்டும் வேண்டாம், காத்தும் வேண்டாம், டிரெய்லரோட சொந்தத் தள்ளுதான்" என்றார். முன்வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னால் தள்ளும். கொக்கித் தலையில் ஒரு தண்டு உள்ளே சறுக்கும். அது அடியில் ஓடும் கம்பியை இழுக்கும். கம்பி டிரெய்லர் சக்கரத்து பிரேக் ஷூவை விரிக்கும். எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு பிடிக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போதும் அதே தண்டு உள்ளே போகும், சக்கரம் இறுகிவிடும். அதனால் பழைய மாடலில் ஒரு பூட்டு நெம்புகோல் இருக்கும், புதியதில் தானாகவே விடும். இதோடு மெல்லிய ஒயர் ஒன்றும் வரும். கொக்கி கழன்றுவிட்டால் அந்த ஒயர் இழுபட்டு டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துவிட்டு, அப்புறம் அறுந்துகொள்ளும்.

உருண்டைத் தலை உள்ள குண்டுக் கொக்கி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பிய குண்டு 50 மில்லிமீட்டர், அமெரிக்க இரண்டு அங்குல குண்டு 50.8. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒன்றின் மூடியை இன்னொன்றில் மாட்டினால் ஒன்று இறுகும் அல்லது லொடலொடக்கும். குண்டின் மேலேயே அளவு பொறித்திருக்கும், படித்துப் பாருங்கள். அமெரிக்க வண்டி என்றால் விளக்கு ஒயரையும் பாருங்கள். பல மாடல்களில் பின்பக்கம் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே சிவப்பு விளக்குதான். நம் டிரெய்லருக்குத் தனித்தனியாக வேண்டும்.

சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிரெய்லரும் ஒரு வாகனம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 61 படி அதற்குத் தனியாகப் பதிவு வேண்டும், தனி எண் வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும். அன்றைக்கு எங்கள் டிரெய்லர் பின்னால் பிக்கப் எண் இருந்தது, முன்னால் மச்சானின் வண்டி. அதுவே தவறு. பட்டறையில் வெல்டு வைத்துச் செய்த டிரெய்லரை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் பதிவு கேட்டால் நடக்காது. ஒப்புதல் பெற்ற தயாரிப்பாளரிடம் வாங்குங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய். தாண்டிய ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. அதிகப்படி சுமையை இறக்கிய பிறகுதான் வண்டி நகரும்.

இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, பயன்பாட்டு வரம்பு என்று இருக்கும் பக்கத்தைப் படியுங்கள். தனியார் கார் பாலிசியில் வாடகைக்கு ஓட்டுவதும் சரக்கு ஏற்றுவதும் சேராது என்று நேராகப் போட்டிருக்கும். வெள்ளை போர்டு காரில் வாடகை ஜெனரேட்டர் இழுத்துப் போய் ஒருவர் மேல் மோதினால், நஷ்ட ஈடு வீட்டை விற்றுக் கட்டவேண்டிய நிலை வரலாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசன்ஸிலேயே ஓட்டலாம் என்று சொன்னது. அதைக் காட்டி "எல்லாம் ஓகே" என்கிறார்கள் சிலர். அது ஓட்டுநர் லைசன்ஸைப் பற்றியது. சொந்தக் காரை வாடகை வேலைக்கு விடலாம் என்று அந்தத் தீர்ப்பில் இல்லை.

இறக்குமதி வண்டியை இரண்டாம் கையாக வாங்கும்போது சுங்கத் தீர்வை கட்டிய பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான சுங்க ஆவணம்) நகலைக் கேட்டு வாங்குங்கள். பயன்படுத்திய வண்டியாக இந்தியாவுக்குள் வந்திருந்தால், தயாரித்து மூன்று வருடத்துக்குள் வந்திருக்க வேண்டும், வலது பக்க ஸ்டியரிங் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாக வந்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் கேரளத்தில் பூடான் வழியாக வந்த வண்டிகள் என்ற சந்தேகத்தில் சுங்கத்துறை வீடு வீடாகச் சோதனை போட்டது நினைவிருக்கும். விலை மலிவாக இருக்கிறதே என்று போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் மச்சான் வண்டி என்ன ஆனது? பழைய கொக்கியை அறுத்து எறிந்துவிட்டோம். அந்த வண்டிக்கென்று செய்த கொக்கி, சேஸிஸில் கம்பெனி விட்டிருக்கும் துளைகளில் போல்ட் போட்டு மாட்டுகிற மாதிரி, ஆர்டர் கொடுத்திருக்கிறோம். வந்ததும் அதில் பிரேக் உள்ள சின்ன கேம்பர் டிரெய்லர் (உள்ளே படுத்துத் தங்குகிற வண்டி) மட்டும், குடும்பத்தோடு ராமேஸ்வரம் போக. ஜெனரேட்டர் பிக்கப்புக்கே திரும்பிவிட்டது. அதன் அச்சையும் பிரேக் அச்சாக மாற்றி, சங்கிலி இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போட்டாயிற்று. குறுக்காகப் போட்டால், கொக்கி கழன்றாலும் டிரெய்லர் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலி தாங்கும்.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. சிட்டம்பட்டி டோல் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, டிரெய்லர் சக்கரத்து ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடத்தை) புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் போகிறது அல்லது பிரேக் ஷூ விடாமல் பிடிக்கிறது. போன வாரம் இடது பக்கம் சுட்டது. கழற்றிப் பார்த்தால் கிரீஸ் கருகி, கரியாகக் கிடந்தது.

இன்றைக்கு அழகர்கோவில் பக்கம் வேலை. பையன்கள் கேபிள் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், முன்பெட்டியில்தான் வைக்கிறார்களா என்று போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியின் புத்தகத்தில் இழுவைப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் படித்துச் சொல்கிறேன். வருகிறேன்.