மச்சான் வீட்டு ஸ்டெப்னி

நடுவர் அவர்களுக்கும், இந்தக் குளிரிலும் மங்கி குல்லாவோடு வந்திருக்கும் குன்னூர் மக்களுக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்ததே ஏழு நிமிடம். அதனால் வணக்கம் அவ்வளவுதான்.

நாட்டைக் காப்பது வாங்கிய டாங்கியா, செய்த டாங்கியா? நான் செய்த டாங்கி கட்சி. ஏன் என்றால், என் சித்தப்பா.

சித்தப்பாவுக்குக் கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை. மச்சானிடம் பழைய ஜீப் ஒன்று வாங்கினார். காசு முழுசாகக் கொடுத்தாயிற்று. ஸ்டெப்னி மட்டும், "அப்புறம் எடுத்துக்கலாம் மாப்பிள்ளை, எங்க போயிடப் போகுது?" அப்புறம் ஒரு காதுகுத்து. பத்திரிகையில் மச்சான் பேர் விட்டுப்போனது. மறுவாரமே கொழுந்து மூட்டையோடு போகும்போது வளைவில் டயர் பஞ்சர். மழை. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. சித்தப்பா மச்சானுக்குப் போன் போடுகிறார். "என் பேருதான் உங்க பத்திரிகையில இல்லையே மாப்பிள்ளை, நம்பர் மட்டும் எப்படி இருக்கு?"

கொழுந்து கருத்தே போனது!

சிரிக்கிறீர்கள். ஈரான் மன்னர் ஷாவும் என் சித்தப்பாவும் ஒன்றுதான். பிரிட்டனிடம் 1,500-க்கு மேல் சீஃப்டன் டாங்கி கேட்டு முன்பணமும் கட்டினார். 1979-ல் புரட்சி வந்தது, ஷா போனார். அதுவரை வந்து சேர்ந்திருந்தது 185. மீதி? ஈரானுக்காக வரைந்த ஷிர்-2 டாங்கி, சேலஞ்சர் என்று பேரை மாற்றிக்கொண்டு பிரிட்டிஷ் படையிலேயே சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளைக்குத் தைத்த கோட்டை மாமனாரே போட்டுக்கொண்ட கதை. அந்த முன்பணக் கடனை, கிட்டத்தட்ட 40 கோடி பவுண்டு, 2022-ல்தான் பிரிட்டன் தீர்த்தது. 43 வருஷம். ஸ்டெப்னி, ஐயா, ஸ்டெப்னி!

பாகிஸ்தானுக்கு பேட்டன் டாங்கி கொடுத்த அமெரிக்கா 1965 போரில் கையை விரித்தது. அவர்கள் சீனாவிடம் போய் டி-59 வாங்கினார்கள். மச்சானை மாற்றினார்கள், அவ்வளவுதான். 1969-ல் பிரிட்டன் இஸ்ரேலுக்கு சீஃப்டன் இல்லை என்றது. அவர்கள் மெர்காவாவைத் தாங்களே செய்துகொண்டார்கள்.

இப்போது எதிரணி அண்ணனிடம் வருகிறேன். "தம்பி இன்று மலை ரயிலில்தானே வந்தார்? பல்சக்கரம் வைத்து ஏறும் அந்த எஞ்சின் சுவிட்சர்லாந்தில் வாங்கியது. கல்லாரில் இறங்கித் தள்ளிக்கொண்டா வந்தார்?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்லாத்தான் இருந்தது.

ஆனால் அண்ணே, சுவிஸ் எஞ்சின் ஓய்ந்தபோது நாம் சுவிஸ் மலைக்கா ஏறினோம்? திருச்சி பொன்மலைப் பட்டறையில் நம் ஆட்களே புது எஞ்சின் செய்தார்கள். செய்த கட்சி! அதே சுவிஸ்காரர்கள் 2022-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜெர்மனி உக்ரைனுக்கு கெபார்ட் விமான எதிர்ப்பு டாங்கிகளைக் கொடுத்தது. அதற்குத் தோட்டா சுவிட்சர்லாந்தில் செய்தது. "நாங்கள் நடுநிலை, தோட்டாவைத் தரக் கூடாது" என்றுவிட்டார்கள். ஜீப் இருக்கிறது, ஸ்டெப்னி மச்சான் வீட்டில்! கடைசியில் ஜெர்மனி தோட்டாவைத் தானே செய்ய ஆரம்பித்தது.

அர்ஜுன் டாங்கிக்கு 1974-ல் அனுமதி, படைக்கு வந்தது 2004, எஞ்சினும் ஜெர்மன் என்று அடுத்து வருபவர் கேட்பார். கேட்கட்டும், அதற்குள் எனக்கு நேரம் முடிந்துவிடும்.

மணி அடிக்காதீர்கள் ஐயா, ஒரே நிமிடம்.

என் அப்பா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். 1904-ல் வெள்ளைக்காரன் ஆரம்பித்தது, குண்டை உந்தும் மருந்து செய்கிற இடம். தீக்குச்சி ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது. அதனால் தினமும் காலையில் தீப்பெட்டியை ஒரு பெட்டிக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார், சாயங்காலம் வாங்கிக்கொள்வார். என்ன வேலை என்று கேட்டால், "மருந்து வேலை" என்பார். சின்ன வயதில் அவரை ஆஸ்பத்திரி ஆள் என்றே நினைத்திருந்தேன்.

ரிட்டயர் ஆன அன்று கழுத்தில் மாலையோடு வந்தவர், தீப்பெட்டியை மறந்துவிட்டார். அவர் போய் பதினாறாம் நாள் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். "சார் வச்சுட்டுப் போனது" என்று அம்மா கையில் கொடுத்தார். உள்ளே ஏழெட்டுக் குச்சி, பனியில் நமுத்துப்போய். அம்மா ஒன்றை எடுத்து உரசிப் பார்த்தாள். பற்றவில்லை. இன்னொன்றை எடுத்தாள்.

அவ்வளவுதான் நடுவர் அவர்களே. இப்போது மணியை அடியுங்கள்.