கால் கட்டைவிரல் மூட்டில் ஆபரேஷன் ஆன பிறகு: கட்டுப் போட்ட நாளிலிருந்து பழைய நடை வரை

[திரையில்: வெறுங்காலோடு ஒருவர் நடக்கிறார். பின்னங்காலின் குதிகால் எழும்பும் நொடியில் படம் நிற்கிறது.]

வணக்கம். இந்தப் படத்தில் கட்டைவிரலை மட்டும் பாருங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பிவிட்டது. உடம்பின் எடை முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. கட்டைவிரல் மட்டும் தரையில் பதிந்து, அதன் அடிமூட்டு மேல்நோக்கி வளைந்து நிற்கிறது. நன்றாக இருக்கும் மூட்டு இப்படி 65, 70 டிகிரி வரை வளையும். சாதாரணமாக நடக்கவே 40 டிகிரிக்கு மேல் தேவைப்படும். நீங்கள் வைக்கிற ஒவ்வொரு அடியிலும் இந்த வேலை நடக்கிறது. விரல் சின்னதுதான், ஆனால் அதன் மூட்டில் கை வைத்தால் ஆற மாதக்கணக்கில் ஆவது இதனால்தான்.

சரி, முதலில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு நடந்தது எந்த ஆபரேஷன்? "கட்டைவிரலில் ஆபரேஷன்" என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னாலும், உள்ளே நடப்பது வேறு வேறு. மூட்டுத் தேய்மானத்தால் மேல்பக்கம் வளர்ந்த எலும்பு முண்டுகளைச் செதுக்கி எடுப்பது ஒன்று. இதற்குக் கீலெக்டமி என்று பெயர். விரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்து, அடிமூட்டின் உள்பக்கம் எலும்பு புடைத்திருந்தால், எலும்பை வெட்டி நேராக்கி ஸ்க்ரூ வைப்பது இன்னொன்று. மூட்டு முழுக்கத் தேய்ந்திருந்தால், மிச்சமிருக்கும் குருத்தெலும்பை நீக்கிவிட்டு, இரண்டு எலும்பையும் பிளேட், ஸ்க்ரூ வைத்து ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். இதுதான் ஃப்யூஷன். சிலருக்குச் செயற்கை மூட்டும் வைப்பதுண்டு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கீலெக்டமி ஆனவர் விரலைச் சீக்கிரமே அசைக்கத் தொடங்க வேண்டும். ஃப்யூஷன் ஆனவர் அந்த மூட்டை அசைக்கவே கூடாது. ஒருவருக்கு மருந்தாக இருக்கும் பயிற்சி இன்னொருவருக்குக் கெடுதல். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவது நாளே நடந்தார் என்று யாராவது சொன்னால், அவருக்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

[திரையில்: படுக்கை. முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை, பாதம் நெஞ்சை விட உயரத்தில்.]

முதல் நாள் இரவு. பாதத்தை மரக்கச் செய்யும் ஊசி போட்டிருப்பார்கள். அதன் வேகம் இருக்கும்வரை வலியே தெரியாது. அதனால் பலர் மாத்திரையைத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். பிறகு நடு ராத்திரியில் மரப்பு விட்டுப்போகும்போது வலி மொத்தமாக வந்து இறங்கும். வலி ஏறிய பிறகு அடக்குவது கஷ்டம். டாக்டர் சொன்ன மாத்திரையை, சொன்ன நேரத்துக்கு, உணர்வு திரும்புவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

அடுத்த இரண்டு வாரம்தான் முக்கியம். வேலை ஒன்றே ஒன்று: காலை உயர்த்தி வைப்பது. நாற்காலியில் உட்கார்ந்து முக்காலி மேல் காலை நீட்டினால் போதாது, பாதம் நெஞ்சை விட மேலே இருக்க வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் 50 நிமிடமாவது அப்படி வையுங்கள். உடம்பிலேயே தாழ்ந்த இடம் பாதம். ரத்தமும் நீரும் அங்கே போய்த் தேங்கும். வீக்கம் கூடினால் தையலில் இழுவிசை கூடும், புண் ஆறுவது தாமதமாகும், வலியும் கூடும்.

பாத்ரூம் போகக் காலைக் கீழே இறக்கியதும் விரல் கருஞ்சிவப்பாகி விண்விண் என்று தெறிக்கும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். மறுபடி உயர்த்தி வைத்ததும் நிறம் மாறி, தெறிப்பு அடங்கினால், அது பெரும்பாலும் வழக்கமானதுதான். உயர்த்தியும் சிவப்பு குறையாமல் பரவினால், சீழ் வடிந்தால், காய்ச்சல் வந்தால், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக் கட்டி இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். டாக்டர் தடுக்கவில்லை என்றால், படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அடிக்கடி அசைப்பது ரத்த ஓட்டத்துக்கு நல்லது.

ஐஸ் வைக்கலாம், ஆனால் துணியில் சுற்றி, ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம் மட்டும். மரத்துப்போன பாதத்துக்குச் சூடும் குளிரும் தெரியாது என்பதால் தோல் புண்ணாகிவிடும். குளிக்கும்போது கட்டு நனையக் கூடாது. நடக்க வேண்டியிருந்தால், ஆஸ்பத்திரியில் கொடுத்த, அடி வளையாத செருப்பைப் போட்டுக்கொண்டு, எடையைக் குதிகாலில் வைத்து, ஊன்றுகோலோடு போங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில்.

தையல் பிரிப்பது சாதாரணமாக 10 முதல் 14 நாளுக்குள் நடக்கும். இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது.

[திரையில்: ஒரு கை பாதத்தைப் பிடித்திருக்கிறது. இன்னொரு கையின் விரல்கள் கட்டைவிரலின் அடிப்பகுதியில்.]

மூட்டை அசைக்கச் சொல்லியிருந்தால், இந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள். பலர் விரலின் நுனியைப் பிடித்து இழுக்கிறார்கள். அப்படிச் செய்தால் வளைவது நகத்துக்குக் கீழே இருக்கும் மூட்டு, ஆபரேஷன் ஆன மூட்டுக்கு ஒன்றுமே நடக்காது. விரலின் அடிப்பகுதியை, மூட்டுக்கு ஒட்டினாற்போல் பிடித்து, மெதுவாக மேலே தூக்கி, சில நொடி நிறுத்தி விடுங்கள். இறுக்கம் தெரியலாம், குத்துகிற வலி வரக் கூடாது. ஒரே மூச்சில் ஐம்பது தடவை செய்வதை விட, பத்து பத்தாக ஒரு நாளில் நாலைந்து வேளை செய்வது நல்லது. இங்கே சோம்பல்பட்டால் உள்ளே தழும்பு இறுகி, கிடைத்த அசைவும் போய்விடும்.

ஃப்யூஷன் ஆனவருக்கு வேலை பொறுமைதான். எலும்பு ஒட்ட 6 முதல் 8 வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாகும். எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்லும்வரை விரலில் எடை வேண்டாம். புகைப்பழக்கம் இருந்தால் தயவுசெய்து இப்போது விட்டுவிடுங்கள். எலும்பு ஒட்டாமல் போவதற்கு அது பெரிய காரணம். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வையுங்கள். "மூட்டையே சேர்த்துவிட்டார்களே, இனி எப்படி நடப்பேன்?" என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் விரலைச் சற்று மேலே தூக்கிய கோணத்தில்தான் பொருத்துகிறார்கள். நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், மறுபடி ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். உயரக் குதிகால் செருப்புதான் இனி ஒத்துவராது.

உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு இரண்டு, மூன்று வாரத்தில் திரும்புகிறவர்கள் உண்டு, அங்கேயும் காலைத் தூக்கி வைக்க இடம் இருந்தால். நின்று பார்க்கும் வேலைக்கு இரண்டு, மூன்று மாதம்கூட ஆகலாம். வலது காலில் ஆபரேஷன் என்றால், திடீர் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க முடியும் என்று உறுதியாகும்வரை கார் ஓட்ட வேண்டாம்.

வீக்கம் மட்டும் கடைசிவரை கூடவே வரும். சாயங்காலமானால் ஷூ இறுக்குவது மூன்று, நாலு மாதம் ஆன பிறகும் இருக்கும். முழுக்க வடிய ஒரு வருடம்கூட ஆகலாம். அதனால் முன்பக்கம் அகலமான ஷூவை, சாயங்காலம் போட்டுப் பார்த்து வாங்குங்கள். தழும்புக்குப் பக்கத்தில் கொஞ்சம் மரத்தாற்போல் இருப்பதும் உண்டு.

[திரையில்: பின்னாலிருந்து எடுத்த நடை. பாதம் வெளிவிளிம்பில் சாய்கிறது.]

இனி, அதிகம் பேசப்படாத விஷயம். வலியிருந்த காலத்திலேயே நீங்கள் கட்டைவிரலைத் தவிர்த்து, பாதத்தின் வெளிவிளிம்பில் நடக்கப் பழகியிருப்பீர்கள். மூட்டு சரியான பிறகும் உடம்பு அந்தப் பழைய நடையை விடாது. விளைவு, பக்கத்து விரல்களின் அடியிலும் முழங்காலிலும் புது வலி. எடை வைக்க அனுமதி கிடைத்ததும், சுவரைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலின் அடிப்பகுதி தரையில் அழுந்துவதை உணர்ந்து நில்லுங்கள். அப்புறம் இரண்டு குதிகாலையும் சேர்த்து மெல்லத் தூக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாக எடையை ஆபரேஷன் ஆன காலுக்கு மாற்றுங்கள். ஃப்யூஷன் ஆனவர்கள் குதிகால் தூக்குவதற்கு முன்பு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் யாரையாவது பின்னாலிருந்து போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள், வாரத்துக்கு ஒரு தடவை. வீடியோவின் சத்தத்தையும் கேளுங்கள். நொண்டும்போது ஒரு காலடி நீளமாகவும் இன்னொன்று அவசரமாகவும் விழும். இரண்டும் ஒரே தாளத்தில் கேட்கும்வரை பிசியோதெரபியை நிறுத்தாதீர்கள்.

[திரையில்: அதே நடை, சில மாதம் கழித்து. காலடிச் சத்தம் மட்டும்.]