வேர் மிசிசிப்பியில் இருக்கிறது, நடுவர் அவர்களே

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், கேட்க வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒரு முறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவுடைய இசையின் ஆணிவேர் அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸா, பிரிட்டன் நாட்டுப்புற இசையா? நான் ப்ளூஸ் பக்கம். எதிரணித் தலைவர் மூன்று சாட்சிகளைக் கொண்டுவந்தார். 1970-ல் அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜும் பாடகர் ராபர்ட் ப்ளான்ட்டும் வேல்ஸ் மலைப்பக்கத்தில் மின்சாரம்கூட இல்லாத ஒரு குடிசையில் தங்கி, மூன்றாவது ஆல்பத்துக்குப் பாட்டு கட்டினார்கள் என்றார். ஸ்டேர்வே டு ஹெவன் பாட்டின் தொடக்கத்தில் வரும் மென்மையான கிட்டாரையும் குழலையும் காட்டினார். கடைசியில் காஷ்மீர் பாட்டைச் சொல்லி, இதில் ப்ளூஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டார். மூன்றுக்கும் பதில் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் உங்களை 1962-க்கு, மான்செஸ்டருக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அந்த வருஷம் அக்டோபரில் மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் ஒரு கச்சேரி நடந்தது. அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவல் என்று பெயர். ஜான் லீ ஹூக்கர், டி-போன் வாக்கர், மெம்பிஸ் ஸ்லிம் என்று, அதுவரை இங்கிலாந்துப் பையன்கள் இசைத்தட்டு உறைகளில் மட்டுமே பார்த்திருந்த முகங்கள் எல்லாம் மேடையில் வந்து நின்றன. அதைப் பார்ப்பதற்கென்றே தெற்கு இங்கிலாந்திலிருந்து கிளம்பிப் போன பையன்களில் ஒருவர் ஜிம்மி பேஜ், அப்போது வயது 18. அந்த மேடையில் டபுள் பேஸ் வாசித்த பெரிய உருவத்துக்காரர் வில்லி டிக்சன். 1915-ல் மிசிசிப்பி மாநிலம் விக்ஸ்பர்க்கில் பிறந்து, சிகாகோவுக்குப் போய், மட்டி வாட்டர்ஸ், ஹவுலின் வுல்ஃப் போன்ற ப்ளூஸ் பாடகர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இரண்டு வருஷம் கழித்து, 1965 தொடக்கத்தில், லண்டனில் சன்னி பாய் வில்லியம்சன் என்ற அமெரிக்க ப்ளூஸ் ஹார்மோனிகா கலைஞர் ஒரு ஆல்பம் பதிவு செய்தபோது அவருக்கு கிட்டார் வாசித்தவர்களில் பேஜும் ஒருவர். ப்ளான்ட்டுக்கும் சன்னி பாயோடு ஒரு கதை உண்டு: இளவயதில் அவர் கச்சேரிக்குப் போய், அவருடைய ஹார்மோனிகா ஒன்றை எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். நாட்டுப்புற இசைதான் வேர் என்று சொல்கிற நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரு பையன் யாருடைய வாத்தியத்தைத் தொட்டுப் பார்க்க இப்படித் துடிக்கிறானோ, அவன் காதில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது அவருடைய இசைதானே?

சரி, பாட்டுக்கு வருவோம். 1968-ல் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் பதிவான முதல் ஆல்பத்தில் ஒன்பது பாட்டு. அதில் யு ஷுக் மீ, ஐ கான்ட் குவிட் யு பேபி இரண்டும் வில்லி டிக்சன் பாட்டுகள். அவர் பெயரையும் முறையாகப் போட்டிருந்தார்கள். ஹவ் மெனி மோர் டைம்ஸ் என்ற கடைசிப் பாட்டு எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிய, ஹவுலின் வுல்ஃப் 1951-ல் பாடிய ஹவ் மெனி மோர் இயர்ஸைக் கேட்டால் போதும்.

1969-ல் இரண்டாவது ஆல்பம். ஹோல் லாட்டா லவ். இந்த இசைக்குழுவைப் பற்றி ஒன்றுமே தெரியாதவருக்குக்கூட அந்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் வரி, தெரிந்திருக்கும். அதன் வரிகளை எடுத்து, 1962-ல் மட்டி வாட்டர்ஸ் பாடிய யு நீட் லவ் பாட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதியவர் அதே வில்லி டிக்சன். ஆனால் இந்த முறை ஆல்பத்தில் அவர் பெயர் இல்லை. 1985-ல் டிக்சன் வழக்குப் போட்டார், 1987-ல் சமரசம் ஆனது, இப்போது அந்தப் பாட்டில் அவர் பெயரும் சேர்ந்து வருகிறது. அதே ஆல்பத்தில் வரும் லெமன் சாங், ஹவுலின் வுல்ஃபின் 1964 கில்லிங் ஃப்ளோர்தான். அதில் எலுமிச்சை வருகிற வரியை மிசிசிப்பி ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1937-லேயே பாடிவிட்டார். கடைசிப் பாட்டான பிரிங் இட் ஆன் ஹோமின் தொடக்கமும் முடிவும் சன்னி பாய் வில்லியம்சன் பாடியதை அப்படியே பின்பற்றியவை, அந்தப் பாட்டை எழுதியதும் டிக்சன்தான். மான்செஸ்டர் மேடையில் பார்த்த மனிதர் ஏழே வருஷத்தில் இந்த இசைக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டார் பாருங்கள்.

எதிரணியில் ஒரு சகோதரி அழகாக ஒரு வாதம் வைத்தார்: ப்ளூஸ் மரபிலேயே ஒருவர் வரியை இன்னொருவர் எடுப்பது சகஜம், அதை மட்டும் வைத்து வேர் எது என்று முடிவு செய்ய முடியாது என்று. எடுப்பது சகஜம் என்பது உண்மைதான். ராபர்ட் ஜான்சனும் தனக்கு முன்னால் இருந்தவர்களிடமிருந்து எடுத்தவர். ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே வயலில் குனிந்து வேலை செய்தவர்கள், கை மாறிய வரி அந்த ஊருக்குள்ளேயே இருந்தது. ஒருவர் பெயரை விட்டுவிட்டு, தன் பெயரில் உரிமை பதிந்து, உலகம் முழுக்க விற்பது வேறு. எனக்கு இந்த இசைக்குழுவின் மேல் உயிர், அதனால்தான் இதைச் சொல்லும்போது வலிக்கிறது. அப்புறம் இன்னொன்று, அவர் சொன்னதே எங்கள் அணிக்குத்தான் சாதகம். மரபுக்குள் நின்று வரியை எடுத்தார்கள் என்றால், அவர்கள் நின்ற மரபு எது?

வரிகளை விடுங்கள், இசை கட்டப்பட்ட விதத்தையே பார்ப்போம். நான்காவது ஆல்பத்தின் பிளாக் டாக் பாட்டில் ப்ளான்ட் தனியாக ஒரு வரி பாடுகிறார், அவர் நிறுத்தினதும் மொத்தக் குழுவும் பாய்ந்து பதில் சொல்கிறது, மறுபடி அவர், மறுபடி குழு. நம் ஊர் எசப்பாட்டு மாதிரியான இந்த அழைப்பும் பதிலும், பருத்தி வயலிலும் கறுப்பர் தேவாலயங்களிலும் வளர்ந்து ப்ளூஸுக்குள் வந்தது. அந்தப் பாட்டின் ரிஃபை, குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ஜான் பால் ஜோன்ஸ் உருவாக்கத் தூண்டியது மட்டி வாட்டர்ஸின் 1968 ஆல்பமான எலக்ட்ரிக் மட் என்று சொல்வார்கள். அடுத்த பாட்டு ராக் அண்ட் ரோல், அதில் ஜான் பான்ஹாம் டிரம்ஸை அடித்துத் தொடங்குகிற விதம் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் 1957 கீப் எ-நாக்கினிலிருந்து வந்தது. பாட்டு, பேஸ், டிரம்ஸ் எதைத் தொட்டாலும் அதே பக்கம்தான் போய் நிற்கிறோம்.

இப்போது எதிரணித் தலைவருக்கு வருகிறேன். வேல்ஸ் குடிசை. மூன்றாவது ஆல்பத்தை நாட்டுப்புற ஆல்பம் என்று சொன்னார், அதன் பெரிய சாட்சி கேலோஸ் போல் என்றார். தூக்குமேடையில் நிற்கிற ஒருவர் சொந்தக்காரர்கள் பணம் கொண்டுவர மாட்டார்களா என்று காத்திருக்கிற கதை, பழைய கதைப்பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பேஜ் கைக்கு எந்த வழியாக வந்தது? ஃப்ரெட் கெர்லாக் என்ற அமெரிக்கர் 12 தந்தி கிட்டாரில் வாசித்ததைக் கேட்டுத்தான் பேஜ் எடுத்தார். கெர்லாக் யாரிடமிருந்து எடுத்தார்? லூசியானாவில் பிறந்த கறுப்பர், சிறையில் பல வருஷம் கிடந்த லெட் பெல்லியிடமிருந்து. கடல் தாண்டிப் போன பாட்டு லெட் பெல்லியின் கிட்டாரில் புது உடம்பு எடுத்துத்தான் பிரிட்டனுக்குத் திரும்பி வந்தது, நடுவர் அவர்களே.

அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு ராய் ஹார்ப்பர் என்ற ஆங்கில நாட்டுப்புறப் பாடகரின் பெயரை வைத்தார்கள். எதிரணி அந்தப் பெயரை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டது. பாட்டைப் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்: மிசிசிப்பி ப்ளூஸ் கலைஞர் புக்கா ஒயிட் 1937-ல் பதிவு செய்த ஷேக் 'எம் ஆன் டவுன் அது, தந்தி மேல் குழாயை வழுக்கி வாசிக்கிற ஸ்லைடு கிட்டாரோடு. நடுவில் ஏழு நிமிஷத்துக்கும் மேல் ஓடும் சின்ஸ் ஐவ் பீன் லவிங் யு வேறு இருக்கிறது, மெதுவான ப்ளூஸ் என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் போட்டுக் காட்டுகிற பாட்டு அது. குடிசை வேல்ஸில் இருந்திருக்கலாம், உள்ளே உட்கார்ந்திருந்தவர்களின் காது ப்ளூஸ் பிறந்த மிசிசிப்பி டெல்டாவில்தான் இருந்தது.

ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். முதல் ஆல்பத்தில் வரும் பிளாக் மவுன்டன் சைடு, பெர்ட் ஜான்ஷ் என்ற ஸ்காட்லாந்துக் கலைஞர் வாசித்த முறையிலிருந்து வந்தது. நான்காவது ஆல்பத்தின் பேட்டில் ஆஃப் எவர்மோரில் சாண்டி டென்னி பாடுகிறார், அந்தக் குரல் இங்கிலாந்து நாட்டுப்புற இசையின் உச்சம். இவை இரண்டும் உங்களுடையவை, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாட்டுப்புறப் பாட்டு என்று நீங்கள் பட்டியலில் சேர்த்த பேப் ஐம் கானா லீவ் யு-வை எழுதியவர் ஆன் ப்ரெடன் என்ற அமெரிக்கப் பெண், அதைப் பரப்பியவர் ஜோன் பையஸ். அது பிரிட்டன் கணக்கில் வராது.

ஸ்டேர்வே டு ஹெவன் தொடக்கம் மென்மைதான், குழல் வருகிறது, எல்லாம் சரி. அந்தப் பாட்டை ஏன் உலகம் ஐம்பது வருஷமாகக் கேட்கிறது? மெல்ல மெல்ல ஏறி, கடைசியில் பேஜின் கிட்டார் தனியாகப் பேசுகிறதே, அங்கே போய்ச் சேர்வதற்காக. அவர் அங்கே வாசிப்பது பெரும்பாலும் ஐந்து ஸ்வரங்கள் கொண்ட மைனர் பென்டடானிக். ப்ளூஸ் கிட்டார் கற்க உட்காருகிற எந்தப் பிள்ளைக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். தந்தியை இழுத்து, ஸ்வரத்தை வளைத்து, அழ வைப்பதும் அங்கிருந்து வந்ததுதான்.

காஷ்மீர். இது ப்ளூஸ் இல்லை, நானும் அப்படிச் சொல்ல வரவில்லை. மொராக்கோவின் பாலைவனச் சாலையில் வண்டி ஓட்டிப் போனபோது ப்ளான்ட்டுக்குத் தோன்றிய வரிகள் அவை, டிரம்ஸ் நான்கில் போக ரிஃப் மூன்றில் போகிற அந்தக் கட்டமைப்பு அற்புதம். பேஜும் ப்ளான்ட்டும் 1972-ல் பம்பாய்க்கு வந்து நம் கலைஞர்களோடு இரண்டு பாட்டுகளைப் பதிவு செய்து பார்த்ததும் உண்மை. ஆனால் விருந்துக்குப் போன வீடு வேறு, பிறந்த வீடு வேறு. காஷ்மீர் இருக்கிற அதே 1975 ஆல்பத்தை முதலிலிருந்து கேளுங்கள். முதல் பாட்டு கஸ்டர்ட் பையில் மறுபடியும் புக்கா ஒயிட்டின் வரிகள். மூன்றாவது பாட்டு இன் மை டைம் ஆஃப் டையிங் 11 நிமிஷம், அவர்கள் ஸ்டூடியோவில் பதிந்த பாட்டுகளிலேயே நீளமானது, பிளைண்ட் வில்லி ஜான்சன் என்ற கறுப்பினப் பாடகர் 1927-ல் பாடியதிலிருந்து வளர்ந்தது. காஷ்மீருக்கு நேர் முந்தின பாட்டான டிராம்பிள்ட் அண்டர் ஃபுட், காரை வைத்துக் காதல் பாடுகிற ராபர்ட் ஜான்சனின் 1936 டெராப்ளேன் ப்ளூஸை நினைத்து எழுதியது. ஊர் ஊராகச் சுற்றினாலும் ராத்திரி தூங்க வந்தது இந்த வீட்டுக்குத்தான்.

கடைசியாக ஒரு பாட்டு. வென் த லெவீ பிரேக்ஸ், அதாவது ஆற்றங்கரை உடையும்போது. கல்லூரி நாட்களில், விடுதி அறையில் விளக்கை அணைத்துவிட்டு இதைத்தான் கேட்பேன். ஹெட்லி க்ரேஞ்ச் என்ற பழைய வீட்டின் முன்கூடத்தில் பான்ஹாமின் டிரம்ஸை வைத்து, மேலே மாடிப்படி உயரத்தில் இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்த சத்தம் அது, நெஞ்சில் யாரோ நடக்கிற மாதிரி இருக்கும். அது என்ன கரை, ஏன் உடைந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. பல வருஷம் கழித்துத்தான் 1929 பதிவைக் கேட்டேன். கான்சஸ் ஜோ மெக்காய் பாடுகிறார், அவர் மனைவி மெம்பிஸ் மின்னி கிட்டார் வாசிக்கிறார். டிரம்ஸ் கிடையாது, சத்தமாக ஒன்றுமே கிடையாது, இரண்டு கிட்டாரும் ஒரு குரலும்தான். 1927-ல் மிசிசிப்பி ஆற்றின் கரைகள் உடைந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு இழந்தார்கள். கறுப்பர்களைத் துப்பாக்கி முனையில் நிறுத்தி மணல் மூட்டை அடுக்க வைத்தார்கள், வெள்ளம் வந்த பிறகு அவர்கள் அந்தக் கரை மேலேயே முகாம்களில் கிடந்தார்கள். அந்தப் பயத்தைத்தான் பான்ஹாம் டிரம்ஸில் அடிக்கிறார். பிரிட்டனின் எந்த நாட்டுப்புறப் பாட்டிலிருந்து அந்தப் பாரம் வந்திருக்கும் என்று எதிரணி சொல்லட்டும்.

இந்த முறை பெயரை விடவில்லை, மெம்பிஸ் மின்னி பெயரையும் ஆல்பத்தில் போட்டார்கள். 1971 நவம்பரில் அது வெளிவந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார், பக்கவாதம் வந்து, மெம்பிஸில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில். 1973 ஆகஸ்டில் இறந்தார். மிசிசிப்பியில் வால்ஸ் என்ற ஊரில் அவர் கல்லறைக்கு ஒரு கல் நட 1996 வரை ஆனது. அந்தக் கல்லுக்குப் பணம் கொடுத்தவர் பானி ரெய்ட், அவரும் ஸ்லைடு கிட்டார் வாசிக்கிறவர்.

தீர்ப்பு சொல்லும்போது அந்தக் கல்லையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.