மாமியார் கொடுத்த மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம். நன்றாக இருக்கிறீர்களா? இந்த நேரத்துக்குப் பாதிப் பேர் அடுப்படியிலும் மீதிப் பேர் மாட்டுக் கொட்டகையிலும் இருப்பீர்கள். வேலையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

சினிமாவும் சின்னத்திரையும் உறவுகளை எப்படிக் காட்டுகின்றன என்று வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியராக 31 வருடம் தருமபுரி மாவட்டத்தில் வேலை பார்த்தேன். பென்னாகரம், பாப்பாரப்பட்டி பக்கம் நான் உட்காராத திண்ணை குறைவு. கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருப்பேன், உள்ளே டிவி ஓடிக்கொண்டிருக்கும். 2006-க்கு அப்புறம் அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவி கூரை வீட்டுக்கும் வந்துவிட்டது. அதனால் சீரியல் என்ன செய்கிறது என்பதை வீட்டுக்குள்ளேயே பார்த்தவள் நான்.

ஒரு வீட்டுக் கதையைச் சொல்கிறேன். பென்னாகரத்தில் இருந்து உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு 20 வயது, ஐந்தாம் மாதம். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8 இருக்கிறது. கர்ப்ப காலத்தில் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. பிரசவத்தில் ரத்தம் போனால் தாங்கும் சக்தி இருக்காது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். பெண் மறந்துவிடுவாள் என்று மாமியார் கையில் கொடுத்து, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும் ஒன்று எடுத்துக் கொடுங்கள் என்றேன். அந்த அம்மா சரியாகக் கொடுத்துவந்தார். அடுத்த மாதம் பார்த்தால் 8 அப்படியே இருக்கிறது.

எனக்குச் சந்தேகம் வந்தது. மாமியார் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் கேட்டேன். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மாத்திரையை வாயில் அதக்கி வைத்து, அப்புறம் கொல்லையில் துப்பியிருக்கிறாள். வாந்தி வருகிறதா, வயிறு எரிகிறதா என்றேன். இல்லை. கடைசியில் சொன்னாள்: "பால்ல கலந்து குடுக்கறாங்க இல்ல நர்சம்மா, அந்த மாதிரி எதனா இருந்துட்டா?"

எந்தப் பால், யார் கலந்தது? அந்த வீட்டில் யாரும் கலக்கவில்லை. டிவியில் கலந்தார்கள். மருமகளின் கரு கலைய மாமியார் பாலில் பொடி கலக்கும் காட்சியை இவள் முந்தின வாரம் பார்த்திருக்கிறாள். அதைப் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "பாவி, நாசமாப் போவா" என்று திட்டியது யார் தெரியுமா? அதே மாமியார்தான்.

மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது? சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. கண் கலங்கிவிட்டது. எழுந்து உள்ளே போனார். அட்டையைக் கொண்டுவந்து ஒரு மாத்திரையைப் பிரித்தார். மருமகள் கண் எதிரில் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். இன்னொன்றைப் பிரித்து நீட்டினார். "இந்தா கண்ணு. இப்பப் போடு."

அன்றிலிருந்து தினமும் ஆளுக்கு ஒன்று. எனக்குத் தெரியாது. 20 நாளில் அட்டை தீர்ந்துவிட்டது என்று வந்து நிற்கிறார், என் நோட்டுக் கணக்கு இடிக்கிறது. விசாரித்தால், "எனக்கும் மூச்சு வாங்கறது கொறஞ்சிருக்குது நர்சம்மா" என்கிறார். அவருக்கும் ரத்தம் பார்த்தேன். அவருக்கும் சோகைதான். இத்தனை வருடத்தில் அவரை யாரும் பார்க்கவே இல்லை. மருமகளைப் பார்க்கப் போய் மாமியாரைக் கண்டுபிடித்தேன். பிரசவத்துக்கு முன்னால் பெண்ணுக்கு 10-க்கு மேல் ஏறிவிட்டது. பெண் குழந்தை, சுகப்பிரசவம். அப்புறம் இரண்டு பேரும் தாயும் மகளும் போல ஆகிவிட்டார்களா என்று கேட்காதீர்கள். அடுத்த முறை நான் போனபோது விறகை எங்கே அடுக்குவது என்று சத்தமாகச் சண்டை நடந்தது. சண்டை போட்டுக்கொண்டே கிழவி குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மாமியாரைத்தான் நான் திரையில் தேடுகிறேன். திட்டவும் செய்வார், எண்ணெயும் தேய்ப்பார். சீரியலில் இவருக்கு இடமில்லை. காரணம் இருக்கிறது. தூர்தர்ஷன் காலத்துத் தொடர்கள் வாரம் ஒரு நாள் வரும், பெரும்பாலும் 13 வாரத்தில் முடிந்துவிடும். அப்புறம் தினசரித் தொடர் வந்தது. 2003-இல் தொடங்கிய கோலங்கள் 2009 வரை ஓடியது, 1500 பகுதிகளுக்கு மேல். தினமும் ஒரு முடிச்சோடு நிறுத்தினால்தான் மறுநாள் பார்ப்போம். ஒருவர் உட்கார்ந்து "ஏம்மா, நீ அப்படிச் சொன்னியா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் கதை முடிந்துவிடும். அதனால் அந்த வார்த்தையை யாரும் கேட்பதே இல்லை. கதவோரம் நின்று பாதியைக் கேட்கிறார்கள், மீதியைத் தாங்களே கற்பனை செய்கிறார்கள். எழுதுகிறவர்களுக்கு அது தேவை. நம் வீட்டுக்கு அது தேவையா?

நல்லதும் வந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1978-இல் மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்'. கடைசியில் அண்ணன், தங்கை விரும்பியவனுக்கே அவளைக் கொடுக்கிறான். ஆனாலும் உன்னை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளை முகத்துக்கு நேரே சொல்கிறான். 1986-இல் விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்'. பிரிந்த குடும்பத்தைச் சேர்த்து வைத்த மூத்த மருமகளே, தனித்தனியாக இருந்துகொண்டு அவ்வப்போது சந்திப்போம் என்கிறாள். இரண்டு படத்தையும் ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். எல்லாரும் கட்டிப்பிடித்து நின்றால்தான் நம் ஆட்களுக்குப் பிடிக்கும் என்று யார் சொன்னது?

இன்னொன்று. மகாபாரதக் கதையை ஆடும் நம் பக்கத்துப் பாரதக் கூத்தை நினைத்துப் பாருங்கள். கடைசி நாள் துரியோதனன் படுகளம், அவன் போரில் விழுந்து சாகும் காட்சி. மண்ணால் அவ்வளவு பெரிய உருவம் செய்து கிடத்துவார்கள். திரௌபதி சபதம் முடிக்கும் நாள் அது. இருந்தும் செத்தவனுக்காகவும் ஒப்பாரி உண்டு. கெட்டவனுக்கும் ஒரு தாய் உண்டு என்று கூத்துக்குத் தெரிந்திருக்கிறது. பாலில் பொடி கலக்கும் அந்த மாமியாருக்கு அழ சீரியலில் ஒருவராவது இருக்கிறாரா? அவர் மருமகளாக வந்த காலத்தில் என்ன பட்டார் என்று ஒரு காட்சி உண்டா?

நிலையத்தில் கையைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். காதலைப் பற்றி நிறைய எழுதி வைத்திருந்தேன். முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று சொன்ன பெண்ணைப் படத்தில் கதாநாயகன் பஸ் பஸ்ஸாகத் துரத்துகிறான், இடைவேளைக்குள் அவள் சிரித்துவிடுகிறாள். தம்பிகளே, பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 78-ஆவது பிரிவின்படி, விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வது குற்றம். பெண் பிள்ளைகளே, யாராவது அப்படி வந்தால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள். படிப்பை நிறுத்தி அவசரமாகக் கல்யாணம் பேசினால் குழந்தைகள் உதவி எண் 1098. பையன்கள் பின்னால் வருவதைப் பார்த்துப் பயந்து பெற்றவர்கள் கல்யாணம் பேசுவது நம் மாவட்டத்தில் எவ்வளவு நடக்கிறது என்று எனக்குத் தெரியும், அதற்குத் தனியாக ஒரு நாள் கொடுங்கள் என்று நிலையத்தில் கேட்கப்போகிறேன். 181, 1098. எழுதிக்கொண்டீர்களா? வணக்கம்.