தேக்கடி போகும் வழியில் லோயர் கேம்ப்

வணக்கம் நேயர்களே.

மதுரைப் பக்கத்துப் பள்ளிகளில் சுற்றுலா என்று பேச்செடுத்தால் தேக்கடியின் பெயர் முதலிலேயே வந்துவிடும். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம், கூடலூர் தாண்டிக் குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப்பை நெருங்கும்போது, மலைச் சரிவில் நான்கு பெரிய இரும்புக் குழாய்கள் இறங்கி வருவது தெரியும். "அது என்ன சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரும்பாலும் வண்டி நிற்பதில்லை. அங்கே நிற்க வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

அந்தக் குழாய்களில் வருவது முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக் 1895-ல் முடித்த அணை, மேற்கே கடலுக்குப் போன ஆற்றை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியது. முதல் அறுபது ஆண்டுகள் அது பாசனத்துக்கு மட்டுமே பயன்பட்டது. 1950-களின் கடைசியில் லோயர் கேம்ப் மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு, வயலுக்கு வருகிற வழியிலேயே மின்சாரமும் கொடுத்துவிட்டு வருகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பதினைந்து லிட்டர் பிடிக்கும் ஒரு குடம் தண்ணீர் ஆயிரம் அடி உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கி டர்பைனைச் சுற்றினால், வீட்டில் இருக்கும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எரியும். ஒரு குடத்துக்கே அவ்வளவு! லோயர் கேம்ப்பில் தண்ணீர் இறங்குவது ஆயிரம் அடிக்கும் மேலே. நான்கு ஜெனரேட்டர்கள், முதலில் மொத்தம் 140 மெகாவாட், பிறகு திறனைக் கூட்டி 168 மெகாவாட் ஆக்கினார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் குறைவதில்லை என்பதுதான். டர்பைனைச் சுற்றிவிட்டு முல்லையாற்றில் சேர்ந்து, கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, வைகை அணைக்கு வந்து, மதுரையின் குடிநீராகவும் ஆகிறது.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை நிலையாற்றல், இயக்க ஆற்றல் என்று மனப்பாடம் செய்கிறது. அந்தக் குழாயின் அடிவாரத்தில் நிறுத்தி, ஜெனரேட்டர் கூடத்துத் தரை காலுக்குக் கீழே அதிர்வதை உணரவிட்டால், அந்தப் பாடம் அதற்கு ஆயுளுக்கும் மறக்காது.

இனி மேலே ஏறுவோம். தேக்கடி ஏரி என்று நாம் படகில் சுற்றுவது அந்த அணையின் நீர்த்தேக்கம்தான். தண்ணீருக்கு நடுவே பட்டுப்போய் நிற்கும் மரங்கள், அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் மிச்சம். அவற்றின் மேல் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகை விரித்து வெயில் காயும். கரைக்கு யானைக் கூட்டம் வரும், காட்டெருமை வரும், மிளா வரும். சுற்றியுள்ள காடு 1978 முதல் புலிகள் காப்பகம், இப்போது அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். மழையைப் பிடித்து வைத்து ஓடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தக் காடு. அது இல்லையென்றால் குழாயில் தண்ணீர் ஏது? யானையைக் காட்டுகிற ஆசிரியர் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

படகோடு நிறுத்தாமல், வனத்துறை ஏற்பாடு செய்யும் நடைப்பயணத்திலும் கொஞ்ச நேரம் போய்வாருங்கள். வழிகாட்டிகளில் சிலர் ஒரு காலத்தில் காட்டுக்குள் திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்தவர்கள். இன்று அதே காட்டைக் காக்கிறார்கள், காட்டிக் கொடுக்காமல் காட்டுகிறார்கள். எந்தத் தடம் யாருடையது, எந்தக் குரல் எச்சரிக்கை என்று அவர்களிடம் கேட்க வேண்டும்.

படகில் ஒன்று கவனம். 2009-ல் இதே ஏரியில் நடந்த படகு விபத்தில் 45 உயிர்கள் போயின. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற விடாதீர்கள். யானை தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓட விடாதீர்கள்.

எப்போது போவது? கோடையில் விலங்குகள் தண்ணீர் தேடிக் கரைக்கு வரும், ஆனால் அணையில் நீர் குறைந்து, குடிநீருக்கு மட்டும் திறக்கும் நாட்களில் ஜெனரேட்டர்கள் ஓடாது. தென்மேற்குப் பருவமழையில் ஜெனரேட்டர்கள் முழுமூச்சாக ஓடும், ஆனால் விலங்குகள் காட்டுக்குள்ளேயே இருந்துவிடும், அட்டைக் கடியும் உண்டு. அக்டோபருக்கு மேல் ஜனவரி வரை இரண்டுக்கும் ஓரளவு ஏற்றது என்பது என் அபிப்பிராயம்.

மின் நிலையத்துக்குள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. பாதுகாக்கப்பட்ட இடம், முன் அனுமதி வேண்டும், அது நியாயம்தான். அதனால்தான் வாசலுக்கு வெளியே ஒரு கல்வி மையம் வேண்டும் என்கிறேன். லோயர் கேம்ப்பில் 2013-ல் திறந்த பென்னிகுக் மணிமண்டபத்துக்கு வண்டிகள் எப்படியும் வருகின்றன. அதன் அருகே ஒரு கூடம் போதும். மலையைக் குறுக்கே வெட்டிக் காட்டும் மாதிரி, அதில் அணை, சுரங்கம், குழாய்கள். பிள்ளைகள் கையால் சுற்றிப் பல்பு எரியவைக்கும் ஒரு சின்ன ஜெனரேட்டர். அன்றைய நீர்மட்டம் எத்தனை அடி, எத்தனை கன அடி வெளியேறுகிறது என்று எழுதிய பலகை. ஒரு சுவர் முழுக்கக் காட்டின் படங்கள். மின் வாரியமும் வனத்துறையும் கைகோத்தால் இது நடக்கும்.

அதுவரை, தலைமையாசிரியர்கள் பள்ளி திறந்த ஜூன் மாதமே மின் வாரியத்துக்கு மாணவர் எண்ணிக்கையோடு அனுமதி கேட்டு எழுதிவிடுங்கள். முதல் நாள் பிற்பகல் மின் நிலையம், இரவு குமுளியில் தங்கல், மறுநாள் காலை முதல் படகு. வணக்கம்.