வெனிஸில் படகு எதற்கு, நடை எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம். இத்தாலிக்குச் சுற்றுலா போகிறவர்கள் வெனிஸுக்குப் பெரும்பாலும் ஒரு பகல்தான் ஒதுக்குகிறார்கள். காலை பத்து மணிக்கு வந்து, கூட்டத்தோடு கூட்டமாகச் சான் மார்க்கோ சதுக்கத்தைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கிளம்பிவிடுகிறார்கள். ஊரில் கால் வைக்க இடமில்லாத நேரமும் அதுதான். ஓர் இரவாவது தங்குங்கள். காலை எட்டு மணிக்கு முன்னும் இரவு எட்டு மணிக்குப் பின்னும் அதே சந்துகளில் நிம்மதியாக நடக்கலாம்.

ரயிலில் வருகிறவர்கள் பெயர்ப்பலகையில் 'வெனிஸ்' என்று பார்த்ததுமே இறங்கிவிடக்கூடாது. முதலில் வரும் வெனிஸ் மெஸ்த்ரே நிலப்பகுதியில் இருக்கிறது. தீவுக்குள் இருப்பது அடுத்த நிலையமான சான்டா லூச்சியா. இடையில் 1846-இல் கட்டிய பாலம்; பத்து நிமிடப் பயணம். விமானத்தில் வந்தால் பேருந்து ஊர் விளிம்பில் உள்ள பியாத்சாலே ரோமா சதுக்கம் வரைக்கும்தான். அதற்கு மேல் சக்கர வண்டி எதுவும் போகாது. விமான நிலையத்தின் பெயர் மார்க்கோ போலோ. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிவைத்த அதே வெனிஸ்காரர்தான்.

தங்கும் அறையைப் பதிவு செய்யும்போது, பக்கத்துப் படகுத்துறை எது, அங்கிருந்து வாசலுக்கு எத்தனை பாலம் என்று கேளுங்கள். ஊரில் 400-க்கு மேல் பாலங்கள். பெரும்பாலானவற்றுக்கு ஏறவும் இறங்கவும் படிகள். 20 கிலோ பெட்டியோடு மூன்று பாலம் தாண்டினாலே இடுப்பு கழன்றுவிடும்.

விலாசமும் நம் ஊர் மாதிரி கிடையாது. ஊர் ஆறு வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. கதவு எண் தெருவாரியாக இல்லை, வட்டாரம் முழுவதற்கும் ஒரே வரிசை. அதனால் 'கஸ்தெல்லோ' என்று வட்டாரப் பெயரை மட்டும் எழுதி நான்கு இலக்க எண் போட்டிருந்தால், அதை வைத்துக்கொண்டு இடத்தைப் பிடிக்க முடியாது. தெருப் பெயரையும் அருகிலுள்ள சதுக்கத்தின் பெயரையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். சந்துகள் குறுகல், சுவர்கள் உயரம் என்பதால் கைப்பேசி வரைபடத்தின் நீலப் புள்ளி அடுத்த சந்துக்குத் தாவிவிடும். சுவரில் மஞ்சள் பலகையில் ரியால்டோ, சான் மார்க்கோ, ஃபெர்ரோவியா என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். ஃபெர்ரோவியா என்றால் ரயில் நிலையம். அம்புக்குறியை நம்பலாம்.

இனி படகு. வபோரெட்டோ என்பது இங்கே டவுன் பஸ் மாதிரி. 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, 24 மணி நேரச் சீட்டு 25, 72 மணி நேரச் சீட்டு 45. ஒரு நாளில் மூன்று தடவை ஏறுவதாக இருந்தால் நாள் சீட்டுதான் லாபம். 6 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் 6 யூரோவுக்கு ரோலிங் வெனிஸ் அட்டை வாங்கினால் 72 மணி நேரச் சீட்டு 27 யூரோவுக்குக் கிடைக்கும். விலை அவ்வப்போது ஏறும், கிளம்பும் முன் சரிபாருங்கள். சீட்டு வாங்கியதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு முறை ஏறும் முன்னும் துறை வாசலில் உள்ள கருவியில் அதைக் காட்டிப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டாமல் ஏறினால், பையில் சீட்டு இருந்தாலும் அபராதம்.

துறை என்பது மிதக்கும் மேடை, படகு மோதும்போது ஆடும். படகு ஒதுங்கியதும் பணியாளர் கயிற்றை இரும்புக் கட்டையில் சுற்றி இறுக்குவார். படகு மேடையோடு ஒட்டியதும் கம்பிக் கதவை ஒரு பக்கமாகத் தள்ளுவார். இறங்குகிறவர்கள் எல்லாரும் இறங்கிய பிறகுதான் ஏற வேண்டும். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடியுங்கள், இல்லாவிட்டால் நாலு பேர் முறைப்பார்கள். 4.1, 4.2 இரண்டும் ஊரை எதிரெதிர்த் திசையில் சுற்றுபவை. எண்ணை மாற்றி ஏறினால் பத்து நிமிடப் பயணம் ஒரு மணி நேரமாகும்.

ரயில் நிலையத்திலிருந்து சான் மார்க்கோ வரை பெரிய கால்வாய் வழியே ஒவ்வொரு துறையாக நின்று போகும் 1-ஆம் எண் படகு முக்கால் மணி நேரம் வரை எடுக்கும். நடந்தால் அதைவிடச் சீக்கிரம் சேரலாம். ஆகவே 1-ஆம் எண்ணில் ஒரு தடவை, வேடிக்கை பார்ப்பதற்காக, இருட்டியபின் போங்கள். மற்றபடி ஊருக்குள் நடை. பெட்டி இருந்தால் அல்லது தீவுகளுக்குப் போனால் மட்டும் படகு.

பெரிய கால்வாய்க்கு நான்கே பாலங்கள். இடையில் கடக்க இரண்டு பேர் துடுப்புப் போடும் ட்ராகெட்டோ உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. சான்டா சோஃபியாவிலிருந்து ரியால்டோ சந்தைக்குப் போவது அப்படி ஒன்று. கொண்டோலா என்ற நீளமான துடுப்புப் படகில் ஏற ஆசைப்பட்டு 90 யூரோவுக்குத் தயங்குகிறவர்களுக்கு இதுவே போதும் என்பேன். அந்த 90 யூரோ பகலில் 30 நிமிடத்துக்கு, மாலை ஏழு மணிக்குப் பின் 35 நிமிடத்துக்கு 110. இது முழுப் படகுக்கான கட்டணம், தலைக்கு அல்ல. ஐந்து பேர் வரை ஏறலாம். ஏறும் முன்பே நேரத்தையும் தொகையையும் வாய்விட்டுப் பேசிவிடுங்கள்.

அக்டோபர் முதல் ஜனவரி வரை போனால் தண்ணீர்க் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். தென்கிழக்கிலிருந்து சிரோக்கோ காற்று கடலை வடக்கே தள்ளும். அது ஓதத்தோடு சேர்ந்தால் தண்ணீர் ஏறும். 2019 நவம்பர் 12 அன்று 187 செ.மீ. வரை ஏறியது. இந்த அளவு 1897-இல் வைத்த கடல்மட்டக் குறியிலிருந்து எடுப்பது, தெருவில் நிற்கும் ஆழம் அல்ல. சான் மார்க்கோ சதுக்கம் ஏறத்தாழ 80 செ.மீ. உயரத்தில் இருப்பதால், முன்னறிவிப்பு 100 என்று சொன்னால் அங்கே கணுக்காலுக்குச் சற்று மேல். முதலில் கரையைத் தாண்டி வராது. தரையில் பதித்த வெள்ளைக் கல்லின் வடிகால் துளைகளில் கொப்பளித்து வரும். கடல்நீரை மறிக்கும் மோசே என்ற 78 கதவுத் தடுப்பு 2020 அக்டோபரிலிருந்து வேலை செய்கிறது. வழக்கமாக 110-க்கு மேல் எதிர்பார்த்தால்தான் அதை உயர்த்துவார்கள் என்பதால், அதற்குக் கீழான நாள்களில் சதுக்கம் இன்னமும் நனையும். உச்சம் சில மணி நேரம்தான். மேடைப் பலகைகள் போடுவார்கள். அதன்மேல் நின்று படம் எடுக்காதீர்கள், பின்னால் வரிசை நிற்கும்.

சாப்பாட்டில் ஒரே எச்சரிக்கை, உட்கார்வது. காப்பியைக் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, சான் மார்க்கோ சதுக்கத்தில் மேசைக்கு முன்னால் இசையோடு குடித்தால் பல மடங்கு. பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று தலைக்கு ஒரு தொகை இருக்கும். அது ஏமாற்று இல்லை, வழக்கம். சைவக்காரர்கள் 'சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே' என்று கேளுங்கள்: இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம். இரண்டையும் சொல்ல வேண்டும், இங்கே மீன் எதிலும் நுழைந்துவிடும். தண்ணீர் பாட்டில் வாங்கத் தேவையில்லை, சதுக்கங்களில் ஓடும் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது.

2024 முதல் கூட்ட நாள்கள் சிலவற்றில் நுழைவுக் கட்டணம் உண்டு. 2025-இல் முன்கூட்டியே கட்டினால் 5 யூரோ, கடைசி மூன்று நாளில் 10, காலை 8.30 முதல் மாலை 4 வரை. நகராட்சி எல்லைக்குள் தங்குகிறவர்களுக்கு விலக்கு, மெஸ்த்ரேயில் தங்கினாலும் உண்டு. ஆனால் விலக்குக்கும் இணையத்தில் பதிந்து கியூஆர் குறி எடுத்துவைக்க வேண்டும்.

வண்ண வீடுகள் உள்ள புரானோ தீவுக்கு ஃபொந்தாமெந்தே நோவே துறையிலிருந்து 12-ஆம் எண் படகு, முக்கால் மணி நேரம். மதியத்துக்கு மேல் திரும்பும் படகில் இடம் பிடிப்பது கஷ்டம். எனவே காலை முதலில் புரானோ, திரும்பும் வழியில் முரானோ தீவு என்று வைத்துக்கொண்டால் வரிசையில் நிற்கும் நேரம் குறையும். வணக்கம்.